சொந்த ஏரியாவிலேயே குடும்ப ஆலோசகராக உட்காரலாமா?

புளியந்தோப்புக்காரி:

வணக்கம். எனக்கு 33 வயது. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்துவிட்டு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் எட்டு வருடமாக எச்.ஆர். வேலை. லீவு கேட்டு வருகிறவர்களிடம் ஏன் என்று கேட்டால் பாதிப் பேருக்கு வீட்டுச் சண்டைதான் காரணம். போன வருடம் ஒரு சூப்பர்வைசர் அண்ணன் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதார். லீவு போட்டுக் கொடுத்ததைத் தவிர எனக்கு வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. அன்றிலிருந்து மண்டைக்குள் இதே ஓட்டம்தான்.

கணவன் மனைவி பிரச்சினை, குடும்பப் பிரச்சினைக்கான ஆலோசனையை முழு வேலையாகவே செய்யலாமா என்று யோசிக்கிறேன். அண்ணா நகர், அடையாறு பக்கம் இதற்கு நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்கு அங்கே போக மனசில்லை. புளியந்தோப்பு, வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ் என்று நான் வளர்ந்த பக்கமே செய்ய ஆசை.

ஆனால் யார் வருவார்கள்? எங்கள் பக்கம் சண்டை என்றால் முதலில் தாய்மாமன், அப்புறம் தெருப் பெரியவர், சர்ச் ஃபாதர், கட்சிக்காரர், கடைசியில் மகளிர் காவல் நிலையம். இந்த வரிசையில் நான் எங்கே நிற்பது? ‘மனசு சரியில்லை’ என்று வாய் திறந்தாலே ‘கீழ்ப்பாக்கம் கேஸா’ என்பார்கள். அதோடு என்னைத் தெரியாத ஆளும் கிடையாது. எங்கப்பா தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். சைக்கிள் கடைக்காரர் பொண்ணிடம் வந்து படுக்கையறை விஷயம் பேசுவார்களா?

இன்னொன்று. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அம்மா கேட்கிறாள்: “நீயே ஒண்ணும் கட்டிக்கல, நீ போய் அவங்களுக்கு இன்னாத்த சொல்லப்போறே?”

படிப்பு, வருமானம் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாடிப்படி:

வணக்கம் தங்கச்சி. எனக்கு ஐம்பத்து மூன்று வயது, அதனால் அப்படிக் கூப்பிடுகிறேன்.

பதினேழு வருடமாக இதுதான் என் பிழைப்பு. பழைய வண்ணாரப்பேட்டை, எம்.சி. ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்து, கீழே எவர்சில்வர் பாத்திரக்கடை, மாடியில் ஒன்றரை ரூம். இடத்தை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், யார் வருவார்கள் என்ற உங்கள் கேள்விக்குப் பதில் பாதி அதில்தான் இருக்கிறது.

ஆரம்பத்தில் ‘குடும்ப நல ஆலோசனை மையம்’ என்று பெரிதாகப் போர்டு மாட்டினேன். முதல் வாரம் நாலு பேர் படியேறி வந்தார்கள். இரண்டு பேர் காப்பர்-டி இங்கே போடுவீர்களா என்றார்கள். ஒருவர், ஆபரேஷன் பண்ணிக்கொண்டால் அரசாங்கத்தில் எவ்வளவு தருகிறார்கள் என்று விசாரித்தார். நாலாவது ஆள் போஸ்ட்மேன். நம் ஊரில் குடும்ப நலம் என்றால் குடும்பக் கட்டுப்பாடு என்பது எம்.எஸ்.டபிள்யூ. படித்த எனக்கு உறைக்கவே இல்லை. கழற்றிய போர்டு இப்போது பாத்ரூம் கதவுக்குக் கீழே தண்ணீர் தடுக்கிறது. அதற்குப் பிறகு போர்டே கிடையாது. பாத்திரக்கடை பாய் “மேல போங்கம்மா, செருப்பைக் கீழயே வுட்ருங்க” என்று கை காட்டுவார். எனக்கு விளம்பரம் அவ்வளவுதான்.

எம்.சி. ரோட்டுக்கு வர யாருக்கும் காரணம் தேவையில்லை. “துணி எடுக்கப் போறேன்” என்று வீட்டில் சொல்லிவிட்டு வரலாம். என்னிடம் வரும் பெண்களில் பாதிப் பேர் கையில் ஒரு துணிக்கடை கவர் இருக்கும். ஒரு அம்மா ஆறு வாரமும் ஒரே ஜாக்கெட் பிட்டைக் கவரில் போட்டுக்கொண்டு வந்தார். ஆகவே சொந்தத் தெருவில் கடை போடாதீர்கள், அதற்காக அண்ணா நகருக்கும் ஓட வேண்டாம். இரண்டு ஸ்டாப்பிங் தள்ளி, வேறு சாக்குச் சொல்லி வரக்கூடிய இடமாகப் பாருங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம் கிடைத்தாலும் நல்லது, ‘மாத்திரை வாங்கப் போனேன்’ என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

தெரிந்தவர்கள் விஷயம். முதல் நாளே சொல்லிவிடுவேன்: “ரேஷன் கடையிலயோ கல்யாணத்துலயோ என்னைப் பாத்தா நீங்களா பேசினாத்தான் நான் பேசுவேன், இல்லேன்னா எனக்கு உங்களைத் தெரியாது.” இதைச் சொன்னதும் பலருக்குத் தோள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஒரு வளைகாப்பில் பந்தியில் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்த பெண், வாரா வாரம் என் எதிரில் உட்காருகிறவள், “நீங்க மாப்ள வீடா, பொண்ணு வீடா?” என்று கேட்டாள். பொண்ணு வீடு என்றேன். அப்பளம் எனக்கு ஒன்று கூடுதலாக வைக்கச் சொன்னாள்.

உங்கள் வரிசைக்கு வருகிறேன். மாமன், பெரியவர், ஃபாதர், கட்சிக்காரர், ஸ்டேஷன் என்று எல்லா வாசலும் ஏறி இறங்கியவர்கள்தான் நம்மிடம் வருவார்கள். அங்கெல்லாம் தீர்ப்பு கிடைத்திருக்கும். இங்கேயும் அதையே எதிர்பார்ப்பார்கள். காசிமேட்டு விசைப்படகு டிரைவர் ஒருவர் மூன்றாவது தடவையே கேட்டுவிட்டார்: “இன்னா மேடம், எவ்ளோ நேரமா பேசிக்கினே கீறோம், யார் மேல தப்புன்னு நீங்க சொல்லவே மாட்றீங்களே?” நானும் இந்தத் தெருக்களில் வளர்ந்தவள்தானே, எனக்கும் நாக்கு நுனியில் தீர்ப்பு தயாராகத்தான் இருந்தது. அதை முழுங்குவதற்குத்தான் எனக்கு வருடங்கள் ஆயின. யார் பக்கம் சொல்கிறீர்களோ அவர் ஜெயித்த மிதப்பில் மாற மாட்டார், தோற்றவர் அடுத்த வாரம் வர மாட்டார். பஞ்சாயத்து அன்றோடு முடியும். இவர்கள் அதே வீட்டில் போய்ப் படுக்க வேண்டியவர்கள்.

அப்படியென்றால் என்னதான் செய்கிறோம் என்று கேட்பீர்கள். ஒன்று காட்டுகிறேன். என் ரூமில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் கணவன், மனைவி, மாமியார் மூன்று பேரும் வந்தார்கள் (ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்). மாமியார் நேராக நடு நாற்காலியில் உட்கார்ந்தார். பையன் அம்மா பக்கத்தில், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டு. மருமகள் கதவோரம், ஹேண்ட்பேக்கை மடியிலிருந்து இறக்காமல். நாற்பது நிமிடம் அம்மாதான் பேசினார். பையனைக் கேட்டால் அம்மா பதில் சொல்வார், மருமகளைக் கேட்டால் அவள் மாமியார் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வாள். நான் எழுந்து, “அம்மா, அங்க காத்தே வரல, ஃபேனுக்குக் கீழ என் சேர்ல வந்து உக்காருங்க” என்று அவரை என் இடத்துக்கு மாற்றி, நான் கதவோரம் போய் நின்றுகொண்டேன். மருமகளை உள்ளே தள்ளி உட்காரச் சொன்னேன். இப்போது கணவனும் மனைவியும் அடுத்தடுத்த நாற்காலியில். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். கீழே பாத்திரக்கடையில் ஏதோ விழுந்து உருண்டது. அப்புறம் அவர் கேட்டார், “பாப்பாவுக்கு டியூஷன் ஃபீஸ் கட்டிட்டியா?” அவள், “கட்டிட்டேன்.” அவ்வளவுதான். ஒன்பது மாதத்தில் அவர்கள் நடுவில் ஆள் இல்லாமல் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

இது நான் கண்டுபிடித்ததில்லை. அர்ஜென்டினாவில் பிறந்த சால்வடோர் மினுச்சின், 1960-களில் நியூயார்க்கின் ஏழைக் குடும்பங்களோடு வேலை செய்தவர். யார் யாரோடு ஒட்டி இருக்கிறார்கள், யார் வெளியே தள்ளப்பட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதும், ரூமுக்குள்ளேயே இடம் மாற்றி உட்கார வைப்பதும் அவர் வழி. படித்தபோது எனக்குப் புதிதாகவே படவில்லை. ஒரே ரூமில் ஏழு பேர் படுக்கும் வீட்டில் வளர்ந்தவளுக்கு, யார் பாய் எங்கே விரிகிறது என்பதில் வீட்டுச் சரித்திரமே தெரியும். அப்பா வேலை பார்த்த மில் மூடிய பிறகு அவர் பாய் கூடத்திலிருந்து திண்ணைக்குப் போனது. யாரும் போகச் சொல்லவில்லை.

அந்தக் காசிமேட்டுக்காரருக்குத் தீர்ப்புக்குப் பதிலாக ஒரு பென்சில் கொடுத்தேன். மாதக் காலண்டரின் பின்பக்கம் மூன்று தலைமுறைக் குடும்பப் படம் வரைவோம். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு மேலே ஒரு பெருக்கல் குறி. மர்ரே போவன் என்ற மனநல மருத்துவரின் வழியில் வந்த பழக்கம். குடிப் பழக்கம் உள்ளவரின் கட்டத்தில் பாதியைக் கறுப்பாக்க வேண்டும். தாத்தா, அப்பா, பெரியப்பா மூன்றையும் அவரே சிரித்துக்கொண்டே தீட்டினார். “சித்தப்பா பீர் மட்டும்தான் மேடம், கால்வாசி போடவா?” என்றார். தன் கட்டம் வந்ததும் பென்சில் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதையும் தீட்டிவிட்டு, கீழே ஐந்து வயது மகனுக்கு வரைந்திருந்த கட்டத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டார். விரலை எடுக்கவில்லை. அன்றைக்கு அதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை.

குடியை விட்டாரா என்றால், விட்டார், திரும்ப ஆரம்பித்தார், அப்புறம் சிகிச்சைக்குப் போனார். குடி ஒரு நோய், அதற்கு வைத்தியம் வேறு. அடையாறில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ஆர். அறக்கட்டளை மாதிரி இடங்களில் குடிப்பவரோடு குடும்பத்தாருக்கும் தனியாகப் பயிற்சி உண்டு. நம்மால் ஆவது நேரம் பார்த்து அங்கே அனுப்புவதும், திரும்பி வரும்போது வீடு அவரை எப்படி வாங்கிக்கொள்ளும் என்று பேசி வைப்பதும்தான்.

காசிமேடு, எண்ணூர்க் குப்பங்களிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சீசனே உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பத்துப் பதினைந்து நாள் கடலிலும் இரண்டு நாள் வீட்டிலும் இருக்கிற ஆம்பிளை, அறுபத்தொரு நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் உட்காருவார். அவர் இல்லாத நாட்களில் சீட்டு கட்டுவது, பிள்ளை பள்ளிக்கூடம், கடன் எல்லாவற்றையும் மனைவிதான் ஓட்டியிருப்பாள். இவருக்குத் தன் வீட்டில் தான் விருந்தாளி என்று தெரிய வருவது மே மாதம் இரண்டாம் வாரம். அந்த மாதம் நான் ஊருக்குப் போவதே இல்லை.

இப்போது என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆரம்பித்து மூன்றாவது வருடம். கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், அவர் மனைவி. இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்து அந்தப் பெண்ணிடம் “பயப்படாம சொல்லுங்க, இங்க எதுவும் ஆகாது” என்றேன். அவள் சொன்னாள். அடிப்பதை, எதால் அடிப்பார் என்பதை, எல்லாம். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நானும் இன்றைக்கு நல்ல வேலை பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஒன்பது நாள் கழித்து அவள் மட்டும் வந்தாள், இடது கையில் மாவுக்கட்டு. கோபமே இல்லாமல் சொன்னாள்: “நீங்க கேட்டீங்களேன்னுதான் மேடம் சொன்னேன்.”

எங்கே எதுவும் ஆகாது என்று சொன்னேன்? என் ரூமில் ஆகாது, சரி. அவள் போனது என் ரூமுக்கா?

அதற்குப் பிறகு யாராக இருந்தாலும் முதல் தடவை தனித்தனியாக இருபது நிமிடம். இரண்டு பேரிடமும் ஒரே கேள்விகள். சண்டையில் கை நீளுமா, பயம் இருக்கிறதா, ராத்திரி போக வேறு இடம் இருக்கிறதா. பயம் என்று ஒருவர் சொன்னால் அந்த ஜோடியைச் சேர்த்து உட்கார வைப்பது அன்றோடு நின்றது. அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பு முதலில், பெண்கள் உதவி எண் 181-ஐ அவள் போனில் ‘டெய்லர்’ என்று சேமித்துக் கொடுப்பது உட்பட. நீங்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

உங்கள் அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். வருகிறவர்களும் கேட்பார்கள், “மேடம், உங்களுக்கு எத்தனை பசங்க?” நான் படித்தபடி “அதை ஏன் கேக்கணும்னு தோணுச்சு?” என்று திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். ஒரு அம்மா, “இதுல இன்னா கீது, சும்மா கேட்டேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பையன், வீட்டுக்காரரும் நானும் பிரிந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இதுவரை யாரும் எழுந்து போனதில்லை. நீங்களும் ‘இன்னும் ஆகல’ என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள்.

வருமானம்: முதல் மாதம் 2,400 ரூபாய். வாடகை அதைவிடக் கூட. இப்போது ஒரு தடவைக்கு 500 வாங்குகிறேன், முடியாதவர்களிடம் 100. சும்மா பார்ப்பதில்லை, சும்மா பார்த்தால் இரண்டாவது தடவை வர மாட்டார்கள், ஏன் என்று கேட்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆலோசகர் வேலை, அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அம்பத்தூர் வேலையை ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள்.

படிப்பு: உங்கள் எம்.எஸ்.டபிள்யூ. நல்ல அஸ்திவாரம். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஆலோசனையும் குடும்ப சிகிச்சையும் என்ற பெயரிலேயே வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற எம்.எஸ்சி. இருந்தது, இப்போது சேர்க்கை உண்டா என்று பாருங்கள். மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்ள ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேண்டும், அது தனிப் படிப்பு, நாம் ஆலோசகர்தான். மாதம் ஒரு முறை கேஸ்களைக் கொண்டுபோய்ப் பேச ஒரு மூத்தவரைப் பிடியுங்கள். நான் இன்னும் போகிறேன், காசு கொடுத்து.

கறுப்புக்கோட்டு:

ஐகோர்ட் வளாகத்தில் இருக்கும் குடும்ப நீதிமன்றத்தில் பதினோரு வருடமாக வழக்கு நடத்துகிறேன். மாடிப்படி மேடம் தொடாத பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

1984-ம் வருட குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, வழக்கு வந்ததும் சமரசத்துக்கு முயற்சி செய்வது கோர்ட்டின் கடமை. அதற்காகவே ஆலோசகர்கள் உண்டு. அதனால் எங்கள் மக்களுக்கு ‘கவுன்சிலிங்’ என்றாலே விவாகரத்துக்கு நடுவில் வரும் ஒரு வாய்தா என்றுதான் நினைப்பு. உங்களிடம் வருகிறவரும் “இதுல கையெழுத்து எங்க போடணும்?” என்று கேட்பார். கோர்ட் ஆலோசனை வேறு, நீங்கள் செய்வது வேறு என்று முதல் நாளே புரிய வையுங்கள்.

யாருக்கும் எதுவும் எழுதிக் கொடுக்காதீர்கள். ‘இவர் ஆறு முறை வந்தார், ஒத்துழைத்தார்’ என்று நல்லெண்ணத்தில் ஒரு தாள் கொடுத்தீர்கள் என்றால், என் கட்சிக்காரர் (நீங்கள் சொன்ன கட்சிக்காரர் இல்லை) அதை என்னிடம் கொண்டுவந்து மனுவோடு சேர்க்கச் சொல்வார். எதிர்த்தரப்பு உங்களைச் சாட்சிக்கு இழுக்கும்.

இந்து திருமணச் சட்டப்படி பரஸ்பர சம்மத விவாகரத்து என்றால், ஒரு வருடம் பிரிந்து இருந்த பிறகு மனு, அதன்பின் ஆறு மாதம் காத்திருப்பு. அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்கில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரிவது என்று முடிவெடுத்த ஜோடியையும் ஆலோசகரிடம் அனுப்பியிருக்கிறேன். சேர்த்து வைக்க இல்லை. குழந்தையை ஞாயிற்றுக்கிழமை யார் எங்கே கொண்டுவந்து விடுவது என்று சத்தமில்லாமல் பேசக் கற்றுக்கொள்ள. அதை வக்கீல்கள் நாங்கள் கெடுத்துவிடுவோம்.

அடிதடி பற்றி மேடம் சொன்னதற்குச் சட்டமும் துணை. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் விதிகளில், ஆலோசனையின்போது எதிர்மனுதாரர் தான் அடித்ததற்கு நியாயம் சொல்லவே அனுமதி கிடையாது. இனி நடக்காது என்ற உறுதியை வாங்குவதுதான் அந்த ஆலோசனை. ‘அவ பேசினா, அதான் அடிச்சேன்’ என்ற வாக்கியத்துக்கு அங்கே இடமே இல்லை.

பதினெட்டு ஆகாத பெண்ணைக் கட்டிக்கொண்டு வருகிற ஜோடியும் உங்கள் பக்கம் வரும். அது போக்சோ. தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருந்தால் உங்கள் மேலேயே குற்றம். ரகசியம் காப்பேன் என்று சொல்லும்போதே இதற்கு விதிவிலக்கு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கிரேன்காரன்:

நான் படித்தவன் இல்லை. ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறேன், வீடு தண்டையார்பேட்டை. போய் உட்கார்ந்து வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

என் ஒய்ஃப்தான் ஒரு ஆலோசகர் சாரிடம் கூட்டிப்போனாள். முதல் தடவை நான் மாடியே ஏறவில்லை, எதிர் டீக்கடையில் உட்கார்ந்து மூன்று டீ குடித்தேன். இரண்டாவது தடவை அந்த சார் கீழே இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவரும் ஒரு டீ சொன்னார். கிரேன் எவ்வளவு உயரம், மேலே போனால் ஒண்ணுக்கு வந்தால் என்ன பண்ணுவீர்கள் என்று கேட்டார். இருபது வருடத்தில் யாரும் கேட்டதில்லை. மூன்றாவது தடவை ஏறிவிட்டேன்.

ஒருநாள் சார் சொன்னார், அவங்க பேசுறதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க, பதில் வேணாம், சொன்னதை மட்டும். இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். அவள் ஏதோ சொன்னாள். நான், “எங்கம்மாவைப் பிடிக்கலைங்கிறா” என்றேன். இல்லை என்றாள். திரும்பச் சொன்னாள். நான், “தனிக்குடித்தனம் போகலாங்கிறா.” இல்லை. மூன்றாவது தடவை மெதுவாகச் சொன்னாள்: “நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா நேரா அம்மா ரூமுக்குப் போறீங்க. நான் முழிச்சிக்கினுதான் கீறேன்.” நாலு மணி காலையில் இவள் தூங்குவாள், எழுப்பக்கூடாது என்றுதான் நான் அம்மா ரூமில் போய்ப் படுப்பது. பன்னிரண்டு வருடமாக.

ஆறு தடவை போனோம், அப்புறம் போகவில்லை. சண்டை இப்பவும் வரும். ஆனால் நாலு மணிக்கு லைட்டைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன். மேடம், கீழே இறங்கி டீ குடிக்கத் தெரிந்தால் எங்கள் பக்கம் ஆம்பிளைகள் வருவார்கள். அது படிப்பில் சொல்லித்தருவார்களா தெரியாது.

ராயபுரம் டு சான் ஹோசே:

ராயபுரத்தில் பிறந்து, இப்போது கலிஃபோர்னியாவில் உரிமம் பெற்ற திருமண, குடும்ப சிகிச்சையாளராக இருக்கிறேன். இங்கே 1963-லேயே இந்தத் தொழிலுக்குச் சட்டம் வந்துவிட்டது. முதுகலைப் படிப்போடு 3,000 மணி நேரம் ஒரு மூத்தவரின் கண்காணிப்பில் வேலை பார்க்க வேண்டும். அதில் 500 மணி நேரமாவது ஜோடிகள், குடும்பங்கள், குழந்தைகளோடு. இரண்டு பரீட்சையும் உண்டு. எனக்கு எல்லாம் முடிய ஐந்து வருடம் ஆனது.

சென்னையில் உங்களை யாரும் அந்த 3,000 மணி நேரத்துக்கு நிர்ப்பந்திக்கப் போவதில்லை. அதனாலேயே நீங்களாக ஒரு நோட்டுப் போட்டு எண்ணிக்கொள்ளுங்கள் என்பேன். எனக்கு 800 மணி நேரம் வரை எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. 1,200-ல்தான் பயம் வந்தது.

ஜோடியைத் தனித்தனியாகப் பார்க்கும்போது ஒருவர் மற்றவருக்குத் தெரியாத ரகசியத்தை உங்களிடம் இறக்கி வைப்பார். வேறு தொடர்பு, மறைத்த கடன். அதை நீங்கள் சுமக்க ஆரம்பித்தால் நீங்களும் அந்த வீட்டுக்குள் கட்சி சேர்ந்துவிட்டீர்கள். உயிருக்குப் பயம் என்றால் அதைக் காப்பேன், மற்றதைக் காக்க மாட்டேன், நீங்களே அவரிடம் சொல்ல உதவி செய்வேன் என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

இங்கேயும் நம் ஊர்க் குடும்பங்கள் வருகின்றன. நாற்காலி மாற்றுவதற்கு எனக்குக் கொடுத்து வைக்கவில்லை, மாமியார் வாட்ஸ்அப்பில் போனுக்குள் இருக்கிறார். போனைக் குப்புற வைக்கச் சொல்கிறேன்.

புளியந்தோப்புக்காரி:

எல்லாருக்கும் நன்றி. கிரேன் அண்ணன் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “உங்கப்பா உசிரோட இருக்கசொல்ல இப்டி யாரும் இல்லியே” என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

இக்னோ சேர்க்கை பார்த்துவிட்டேன். மாடிப்படி அக்கா, ஒரு வேண்டுகோள். சனிக்கிழமைகளில் உங்களோடு வந்து உட்கார்ந்து பார்க்கலாமா? ஓரமாக இருப்பேன், வாயே திறக்க மாட்டேன்.

மாடிப்படி:

வா. இனிமேல் நீ என்றே சொல்கிறேன்.

ஆனால் ரூமுக்குள் கிடையாது. அவர்கள் என்னை நம்பி வருகிறார்கள், அவர்கள் சம்மதிக்காமல் ஓரத்தில்கூட ஆள் கூடாது. முதல் மாதம் வெளியே படியோரம் ஒரு பெஞ்ச் இருக்கிறது, அதில் உட்கார். வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடு. இரண்டு பேராக வருகிறவர்கள் எத்தனை படி இடைவெளி விட்டு ஏறுகிறார்கள், இறங்கும்போது யார் செருப்பை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று பார். ஆறு மணிக்கு மேல் நாம் பேசலாம். நோட்டு வேண்டாம்.

மேலிருந்து மூன்றாவது படி உடைந்திருக்கிறது, பாய் இரண்டு வருடமாகச் சரி பண்ணுகிறேன் என்கிறார். மூணு மணிக்கு வந்துவிடு. தெரிந்தவர்கள் யாராவது சந்தில் பார்த்துக் கேட்டால் அம்மாவுக்கு நைட்டி எடுக்க வந்தேன் என்று சொல்.